ஹைஸ்லர் சார்ட்டும் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டும்

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதின எல்லாருக்கும் ஹைஸ்லர் சார்ட் ஞாபகம் இருக்கும். டேட்டா புக்கைத் திருப்பி, ஸ்கேலை வெச்சு, சிலிண்டரோட சென்டர் டெம்பரேச்சரைக் கண்டுபிடிச்சு, 13 மார்க் வாங்கிட்டு அப்படியே மறந்துட்டோம். ஆனா அந்த சார்ட்ல இருக்கிற விஷயம் வாரா வாரம் நிஜமா நடக்கிற ஒரு இடம் இருக்கு. அது இங்கிலாந்து வீடுகளோட சமையலறை.

அங்கே ஞாயிறு மதியம், முக்கியமா கிறிஸ்துமஸ் அன்னைக்கு, பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை வெட்டாமல் முழுசா ஓவன்ல ரோஸ்ட் பண்றது பழைய வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயர்களுக்குக் கிண்டலா வெச்ச பட்டப்பேரே 'ரோஸ்பிஃப்'தான்! விலா எலும்போட 3 கிலோ துண்டு வாங்கினா செலவும் அதிகம், வீட்டுக்கு வந்த எட்டு பேரும் அதையே நம்பி உட்கார்ந்திருப்பாங்க. குழம்புல காரம் கூடிட்டா தேங்காய்ப்பால் ஊத்தி சமாளிக்கலாம். அதிகமா வெந்த ரோஸ்ட்டை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. புரோட்டீன் டீநேச்சுரேஷன் ஒன்வே டிராஃபிக்.

எடை பார்த்தா தப்பு

இதுக்கு அங்கே ஒரு பாட்டி காலத்து ஃபார்முலா இருக்கு: ஒரு பவுண்டுக்கு 20 நிமிஷம், மேல ஒரு 20 நிமிஷம். அதாவது நேரம் எடைக்கு நேர் விகிதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இரண்டு விலா எலும்பு உள்ள துண்டையும் நாலு எலும்பு உள்ள துண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எடை இரண்டு மடங்கு, ஆனா நீளம்தான் கூடியிருக்கு, தடிமன் கிட்டத்தட்ட அதேதான். வெப்பம் பக்கவாட்டிலிருந்து நடுவுக்குப் போகிற தூரமும் அதேதான். அப்புறம் எதுக்கு இரண்டு மடங்கு நேரம்? ஃபார்முலாவை நம்பினா பெரிய துண்டு காய்ஞ்சு போகும்.

இறைச்சியோட தெர்மல் கண்டக்டிவிட்டி சுமார் 0.45 வாட்/மீட்டர்-கெல்வின். அலுமினியத்துக்கு 200-க்கு மேல. துண்டை 7 செ.மீ. ஆரம் உள்ள சிலிண்டரா எடுத்துக்கிட்டா, பயோட் நம்பர் 0.1-ஐ எல்லாம் எப்பவோ தாண்டிடும். லம்ப்டு அனாலிசிஸ் வேலைக்கு ஆகாது. வெளியே ஒரு டெம்பரேச்சர், நடுவுல ஒரு டெம்பரேச்சர் இருந்தே தீரும்.

ஆரத்தின் வர்க்கத்தைத் தெர்மல் டிஃபியூசிவிட்டியால வகுத்தா சுமார் 35,000 விநாடி வரும், கிட்டத்தட்ட 10 மணி நேரம். மிதமான ஓவன்ல நடுப்பகுதி தயாராக இதுல மூணுல ஒரு பங்கு ஆகும். 3 முதல் 4 மணி நேரம்னு அனுபவசாலிகள் சொல்றதும் இதேதான். கவனிக்க வேண்டியது அந்த வர்க்கம். தடிமன் இரண்டு மடங்கானா நேரம் நாலு மடங்கை நெருங்கும்.

உள்ளே என்ன நடக்குது?

நடுப்பகுதி 50 டிகிரியைத் தாண்டும்போது மயோசின் புரோட்டீன் இறுக ஆரம்பிக்கும், பச்சைத்தன்மை போகும். 55 டிகிரி பக்கம் இளஞ்சிவப்பு நிறம், நிறைய சாறு. இதுதான் மீடியம் ரேர். 60-க்கு மேல கொலாஜன் சுருங்கி, ஈரத்துணியைப் பிழியற மாதிரி சாறை வெளியே தள்ளும். 70-ல சாம்பல் நிறம் வந்து வறண்டுடும். நல்ல ரோஸ்ட்டுக்கும் சுமார் ரோஸ்ட்டுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் 10 டிகிரி. அதைக் கடிகாரத்தை வெச்சுப் பிடிக்க முடியாது, தெர்மாமீட்டர் வேணும்.

மேல்பகுதியோட கதை வேற. பழுப்பு நிறமும் மணமும் தர்றது மெயிலார்ட் ரியாக்‌ஷன். 1912-ல பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மெயிலார்ட் விவரிச்சது. அது வேகமா நடக்க மேற்பரப்பு சுமார் 140 டிகிரி தொடணும். மேலே ஈரம் இருக்கிற வரைக்கும் 100-ஐத் தாண்டாது, ஏன்னா வர்ற சூடெல்லாம் லேட்டன்ட் ஹீட்டாவே போயிடும்.

ஆக, நடுவுக்கு 55, மேலே 140. ஒரே துண்டுக்கு இரண்டு டார்கெட். 220 டிகிரி ஓவன்ல ஒரே மூச்சா வெச்சா மேலே அழகா இருக்கும், ஆனா கிரேடியண்ட் ரொம்பச் செங்குத்தா இருக்கிறதால ஓரத்துல தடிமனா ஒரு சாம்பல் வளையம் வரும். சூட்டைக் குறைச்சா கிரேடியண்ட் குறையும், ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரே சீரா வேகும்.

இதைக் கவனிச்சவர், பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது வந்த சூட்டை வெச்சு 1798-ல வெப்பத்தைப் பத்தி எழுதின அதே கவுண்ட் ரம்ஃபோர்டு! உருளைக்கிழங்கு உலர்த்துற மெஷின்ல ஆட்டோட தோள்பட்டைத் துண்டை வெச்சுப் பார்த்து, குறைஞ்ச சூட்டுலயும் அருமையா வேகும்னு எழுதினார். 1969-ல இயற்பியலாளர் நிக்கோலஸ் குர்ட்டி லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில அதை 80 டிகிரியில திரும்பச் செஞ்சு காட்டினார்.

அப்போ எப்படிப் பண்றது?

இரண்டு டார்கெட்டையும் இரண்டு கட்டமா பிரிச்சுக்கணும்.

1. முந்தின நாளே எடையில 1 சதவீதம் உப்பு, அதாவது 3 கிலோவுக்கு 30 கிராம் தடவி, மூடாம ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பு காயும்.

2. ஓவன் 120 டிகிரி. தெர்மாமீட்டர் முனை தடிமனான இடத்தோட நடுவுல இருக்கணும், எலும்பைத் தொடக்கூடாது. 50-52 வந்ததும் வெளியே எடுத்துடணும்.

3. அரை மணி நேரம் சும்மா விடணும். ஓரத்துல இருக்கிற சூடு நடுவுக்கு நகர்ந்து இன்னும் 2-4 டிகிரி ஏறும். 200 டிகிரி ஓவன்ல வெச்சிருந்தா இந்த ஏற்றம் 5-8 கூட ஆகும், அதுக்கேத்த மாதிரி முன்னாடியே எடுக்கணும்.

4. கடைசியா 250 டிகிரியில 6-10 நிமிஷம். மேலே ஏற்கெனவே காய்ஞ்சிருக்கிறதால சட்டுனு பழுப்பாகும்.

முதல்லயே மேலே வறுத்தா சாறு உள்ளே 'சீல்' ஆகிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. 19-ம் நூற்றாண்டுல லீபிக் என்ற பெரிய வேதியியலாளர் பரப்பினது. அது தப்பு. வறுத்த துண்டுலயும் சாறு வெளியே வரத்தான் செய்யும். வறுக்கிறது ருசிக்காக மட்டும்தான்.

ரோஸ்ட் ஓய்வெடுக்கிற அந்த அரை மணியும் வீணாகாது. ஓவன் காலியா இருக்கும்போது சூட்டை ஏத்தி, உருகின கொழுப்புல மாவு, முட்டை, பால் கலவையை ஊத்தி யார்க்‌ஷயர் புட்டிங் பண்ணிடுவாங்க. 1747-ல ஹன்னா கிளாஸ் எழுதின சமையல் புத்தகத்துலயே இது இருக்கு.

ஒரு எச்சரிக்கை

வெட்டாத முழுத் துண்டுல கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்புலதான் இருக்கும், அது ஓவன் சூட்டுல போயிடும். அதனாலதான் நடுவுல இளஞ்சிவப்பா சாப்பிடுறாங்க. எலும்பை எடுத்துச் சுருட்டிக் கட்டின துண்டுலயும் கைமாவுலயும் மேற்பரப்பு உள்ளே போயிடுது, அங்கே இந்த லாஜிக் செல்லாது. அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்கே 63 டிகிரியும் 3 நிமிஷ ஓய்வும் சொல்லுது, கைமாவுக்கு 71. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயசானவங்க பந்தியில இருந்தா அவங்க பங்கை இன்னும் கொஞ்சம் வேக வெச்சுக் கொடுக்கிறதுதான் நல்லது. மத்தவங்களுக்கு ருசி கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல.

ரோஸ்ட்டுக்குன்னு இல்ல, உள்ளே நடக்கிறதை வெளியே இருந்து கணிக்கிற எந்த வேலைக்கும் இது பொருந்தும். மார்க்குக்காகப் படிச்ச அந்த சார்ட் சொல்றதும் இதைத்தான்: எடையைப் பார்க்காதே, தடிமனைப் பார். ஊகிக்காதே, அளந்து பார்.