கண்ணில் பூ... கூடவே புரையும்!

"டாக்டர், எங்க அத்தைக்குச் சின்ன வயசுலேயே வலது கண்ணுல பூ விழுந்திடுச்சு. இப்ப அதே கண்ணுல புரையும் வந்திருக்காம். ஆபரேஷன் செய்யலாமா, இல்ல உங்க சொட்டு மருந்துலேயே கரைச்சிடலாமா?"

சென்ற வருடம் ஒரு மருமகள் என்னிடம் கேட்டது இது. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: புரையை எந்தச் சொட்டு மருந்தும் கரைக்காது. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று வீட்டில் எதையாவது பிழிந்து விடாதீர்கள். கிருமி புகுந்தால் இருக்கிற பார்வையும் போய்விடும்.

பூ வேறு, புரை வேறு. நெல் உமியோ தோகையோ பட்டுப் புண்ணாகி, கருவிழியில் விழும் தழும்புதான் பூ. அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்குவது புரை. டாக்டரோ அந்தத் தழும்பு வழியாகத்தான் உள்ளே பார்த்து அறுவை செய்தாக வேண்டும். அழுக்கு ஜன்னல் வழியே பார்த்து ஊசியில் நூல் கோர்க்கிற கதைதான்!

'பேக்கோ' முறையில் துளை 3 மில்லிமீட்டருக்குள்தான். ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பார்கள். சீக்கிரம் தேறலாம். ஆனால் கருவி முனை எங்கே நிற்கிறது என்பது நொடிக்கு நொடி தெரியணும். அதிர்வு அதிகமானால் கருவிழியின் உள்பக்கச் செல்கள் அழியும். அவை மறுபடி முளைப்பதில்லை. பூ விழுந்த கண்ணில் அவை ஏற்கெனவே குறைந்திருக்கலாம்.

இன்னொன்று, வெண்விழியில் 6, 7 மில்லிமீட்டருக்குச் சுரங்கம்போல வழி செய்து, புரையை முழுசாக வெளியே எடுப்பது. பெரும்பாலும் தையல் கிடையாது. செலவும் குறைவு. கெட்டிப்பட்ட புரை, மங்கிய கருவிழி இரண்டும் சேர்ந்தால் பல டாக்டர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். லென்ஸின் உறை தெளிவாகத் தெரிய டிரைபான் புளூ என்ற நீலச் சாயம் பூசுவதும் உண்டு. பேக்கோவிலும் இது உதவும்.

தழும்பு நட்டநடுவில் அடர்த்தியாக இருந்தால்? தானமாக வந்த கருவிழியைப் பொருத்தி, புரையையும் எடுத்து, செயற்கை லென்ஸும் வைப்பதை ஒரே தடவையில் செய்யலாம். ஆனால் மாற்றுக் கருவிழியை உடல் எப்போது வேண்டுமானாலும் நிராகரிக்கலாம். சிவப்பு, வலி, கூச்சம், மங்கல் என்றால் அன்றே ஓடணும். சொட்டு மருந்தும் செக்கப்பும் வருடக்கணக்கில் தொடரும். தனியாக இருக்கும் வயதானவருக்கு இது லேசான காரியமா, யோசியுங்கள்.

ஆகவே டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: "மங்கலுக்குப் பூ எவ்வளவு காரணம், புரை எவ்வளவு காரணம்? விழித்திரை நன்றாக இருக்கிறதா?" உள்ளே பார்க்க முடியாவிட்டால் ஸ்கேன் இருக்கிறது.

அந்த அத்தைக்குப் பூ ஓரமாகத்தான் இருந்தது. சுரங்க வழியில் புரையை மட்டும் எடுத்தார்கள். பேப்பர் படிக்க முடியவில்லை. ஆனால் கொல்லைப்புறத்துக்கு யார் கையையும் பிடிக்காமல் போய்வருகிறார். "எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?" என்று என்னிடம் ஆள் அனுப்பினார். கண் டாக்டர் சரி என்கிற வரை கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.