கொழுப்பை எரிக்கும் மாத்திரைகள்

உடற்பருமனைக் குறைக்க விரும்புவோருக்கென இன்று பொடிகளும் மாத்திரைகளும் குளிகைகளுமாகப் பலவகைச் சரக்குகள் விற்பனைக்கு வருகின்றன. ‘கொழுப்பை எரிப்பது’ என்ற அடைமொழி அவற்றுட் பலவற்றின் மேலுறையில் பெரிய எழுத்துக்களில் காணப்படும். உணவைக் குறைக்க வேண்டியதில்லை, உடலை வருத்த வேண்டியதில்லை, மாத்திரையே வேலையை முடித்துவிடும் என்பது அவ்வடைமொழியின் உட்பொருள். இக்கூற்றை ஆராயுமுன், கொழுப்பு எரிதல் என்பது யாது எனத் தெரிந்துகொள்வது நலம்.

எரிதல் என்னும் சொல் இங்கு வெறும் உவமையன்று. கொழுப்பு என்பது கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய மூலகங்களால் ஆனது. நாம் உட்கொள்ளும் மூச்சிலுள்ள பிராணவாயுவோடு அது உயிரணுக்களுக்குள் சேரும்போது, விளக்கில் எண்ணெய் எரிவதைப் போலவே கரியமிலவாயுவும் நீரும் உண்டாகின்றன. இவ்வாறு எரிந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாக உருகி வழிகிறது என்று பலர் நினைக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2014-இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். 10 கிலோ கொழுப்பு முற்றிலும் எரிவதற்கு 29 கிலோ பிராணவாயு வேண்டும். அந்தப் பத்துக் கிலோவில் 8.4 கிலோ கரியமிலவாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. ஆகவே கொழுப்பு வெளியேறும் முக்கிய வாயில் நுரையீரலே. வேகமாக மூச்சுவிட்டால் இளைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அது பயன் தராது. உயிரணுக்கள் எவ்வளவு எரிக்கின்றனவோ அவ்வளவுக்கே கரியமிலவாயு கிடைக்கும்.

உயிரணுக்கள் எவ்வளவு எரிக்கின்றன என்பதை எது நிர்ணயிக்கிறது? விளக்கில் எண்ணெய் எவ்வளவு நிறைந்திருந்தாலும், திரி இழுக்கும் அளவே எரியும். உடலிலும் அப்படியே. தசை சுருங்கவும் இதயம் துடிக்கவும் மூளை இயங்கவும் எவ்வளவு சக்தி செலவாகிறதோ, அந்த அளவுக்கே எரிபொருள் எரிக்கப்படுகிறது. செலவைக் கூட்டாமல், வரவையும் குறைக்காமல், இருப்பை மட்டும் கரைப்பதாகச் சொல்லும் எந்த மாத்திரையும் இந்தக் கணக்கிற்கு விடை சொல்லியாக வேண்டும்.

இவ்வகைச் சரக்குகளுள் மிகப் புகழ் பெற்ற ஒன்றன் மூலப்பொருள் நம் நாட்டிலேயே விளைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் வளர்வதும், கேரளத்து மீன் குழம்புக்குப் புளிப்பும் மணமும் தருவதுமான குடம்புளியே அது. (கோணலாய்ச் சுருண்ட காயுடைய கொடுக்காய்ப்புளி வேறு மரம்.) தாவர நூலார் இதனைக் கார்சினியா கம்மிகட்டா என்பர், விற்பனைச் சரக்குகளில் கார்சினியா கம்போஜியா என்ற பழைய பெயரே வழங்குகிறது. இதன் தோலிலுள்ள புளிப்பு டார்டாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்றவற்றால் ஆனது என்றே முன்பு கருதப்பட்டது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் லூயிஸ், நீலகண்டன் ஆகிய விஞ்ஞானிகள், அது ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் எனப்படும் வேறொரு பொருள் என்று நிறுவி, 1965-இல் வெளியிட்டனர். ஓர் அடுக்களைப் பொருளின் புளிப்பைப் பற்றிய இந்த அமைதியான ஆராய்ச்சிதான் பின்னர் உலகெங்கும் ஒரு பெரும் வாணிகத்திற்கு வித்தாயிற்று.

அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோவன்ஸ்டைனும் அவருடைய துணைவர்களும் 1969-இல் இவ்வமிலத்தின் ஒரு விசேஷ குணத்தைக் கண்டனர். நாம் மாவுப்பொருளைத் தேவைக்கு மிஞ்சி உண்ணும்போது, அதன் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அம்மாற்றத்துக்கு இன்றியமையாத ஓர் என்ஸைமை ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் முடக்கிவிடுகிறது. எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது கொழுப்பு உற்பத்தி குறைந்தது. அவை இரை தின்பதும் குறைந்தது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வமிலம் செய்வது புதுக் கொழுப்பு உண்டாவதைத் தடுப்பதேயன்றி, இருக்கும் கொழுப்பை எரிப்பதன்று. மேலும், மாவுப்பொருளும் சர்க்கரையும் மட்டும் மிகுதியாக ஊட்டப்பெறும் எலியில் அந்த வழி முக்கியமானது. சாதாரணக் கலப்பு உணவை உண்ணும் மனிதனிலோ, சேமிக்கப்படும் கொழுப்பில் பெரும்பகுதி உணவிலுள்ள எண்ணெயும் நெய்யுமே. அவை மாற்றம் எதுவும் வேண்டாமல் நேராகவே இருப்பில் போய்ச் சேர்கின்றன. மாவுப்பொருள் கொழுப்பாக மாறும் அளவு சிறிது. கூட்டம் முன்வாயிலில் நுழைந்துகொண்டிருக்கையில் பின்வாயிலுக்குப் பூட்டுப் போடுவதால் என்ன பயன்?

மனிதரில் நடந்த சோதனைகளும் இதையே காட்டின. நியூயார்க்கில் பருமனான 135 பேரை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் நார்ப்பொருள் மிகுந்த, கலோரி குறைந்த உணவை விதித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் குடம்புளிச் சாரமும் மற்றவருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தனர். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. 1998-இல் வெளியான முடிவின்படி, சாரம் உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோவும், வெற்று மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோவும் இளைத்திருந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாய் நேரக்கூடியதே. வெற்று மாத்திரை சிறந்தது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இரு பிரிவினரும் இளைத்தது உணவுத் திட்டத்தால். மாத்திரை மட்டும் தனித்து ஒன்றும் செய்யவில்லை. இத்தகைய பல சோதனைகளைத் தொகுத்து 2011-இல் ஆராய்ந்தபோது, சாரத்தால் கூடுதலாகக் கிடைத்தது சராசரி 1 கிலோவுக்கும் குறைவு என்றே தெரிந்தது.

பயனில்லாவிடினும் தீங்கில்லையே என்று விட்டுவிடவும் இயலவில்லை. அமெரிக்காவில் மருந்துகளாலும் துணை உணவுகளாலும் கல்லீரல் சேதமுற்றோரை 2004 முதல் பதிவு செய்துவரும் ஓர் ஆராய்ச்சிக் குழு, குடம்புளிச் சாரத்தோடு தொடர்புடைய 22 பேரைப் பற்றி 2022-இல் அறிவித்தது. அவர்களில் 5 பேர் அச்சாரத்தை மட்டும் உண்டவர்கள்; 16 பேர் பச்சைத் தேயிலைச் சாரத்துடன் கலந்து உண்டவர்கள். குறிப்பிட்டதொரு மரபணு வகை உடையவருக்கு இந்த அபாயம் மிகுதி என்றும் தெரிகிறது. குழம்பில் இடும் இரண்டு சுளைகளுக்கும், செறிவூட்டிய சாரத்தை மாதக்கணக்கில் விழுங்குவதற்கும் உள்ள வேற்றுமையை மறக்கலாகாது. இத்தகைய சரக்கை உண்டுவரும் ஒருவருக்குக் கண் மஞ்சளாவதோ, சிறுநீர் கருமஞ்சள் நிறமாவதோ, காரணமின்றிப் பசி அறுவதோ நேர்ந்தால், உடனே அதை நிறுத்தி, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

அப்படியானால் உண்மையிலேயே கொழுப்பை எரிக்கும் பொருள் எதுவுமே இல்லையா? ஒன்று உண்டு. அதன் வரலாறு பயங்கரமானது. முதல் உலகப் போரின்போது பிரான்ஸ் தேசத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற இரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர் சிலர் மெலிந்தனர். சிலர் கடுஞ்சுரம் கண்டு மாண்டனர். உயிரணுக்களில் எரிபொருள் எரியும்போது கிடைக்கும் சக்தி உடலின் பணிகளுக்கு உதவாதபடி, அதை வெறும் வெப்பமாக வீணாக்கிவிடுவது இதன் குணம். விளக்கு உவமையில் சொன்னால், திரியைத் தேவையின்றிப் பெரிதாகத் தூண்டிவிடுகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 1933-இல் இதனை இளைக்கும் மருந்தாக அறிவித்தபின், அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இதை உண்டதாக மதிப்பிடப்பட்டது. அவர்கள் இளைத்தது மெய்யே. ஆனால் பலருக்குக் கண்புரை உண்டாயிற்று. சிலர் உடல் வெப்பம் அடங்காமல் இறந்தனர். இதற்கு மாற்று மருந்து கிடையாது. 1938-இல் மனிதர் உட்கொள்ளத் தகாததென அந்நாடு விலக்கியது. எனினும் கள்ளத்தனமாக விற்பது ஓயாமையால், பிரிட்டன் 2023 அக்டோபரில் இதைக் கட்டுப்பாட்டுக்குரிய நஞ்சுகளின் வரிசையில் சேர்த்தது.

காப்பியிலுள்ள காபீன் இதற்கு நேர்மாறாகச் சாதுவானது. ‘எரிப்பான்’ சரக்குகள் பலவற்றில் இது சேர்க்கப்படுகிறது. 100 மில்லிகிராம் காபீன், ஓய்ந்திருக்கும் உடலின் சக்திச் செலவை இரண்டரை மணி நேரத்திற்கு 3 அல்லது 4 விழுக்காடு உயர்த்துகிறது. இது கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் உடல் செலவிடுவது ஏறத்தாழ 150 கலோரி. அதில் 4 விழுக்காடு 6 கலோரி. காப்பியில் இடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையிலேயே 16 கலோரிக்குக் குறையாது!

இப்படிப்பட்ட சரக்குகளை உண்டு சிலர் விரைவில் மெலிவதைக் கண்ணாரக் கண்டோமே என்பாருண்டு. அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை 776 துணை உணவுகளில் மறைத்துக் கலக்கப்பட்ட மருந்துகளைக் கண்டறிந்தது. அவற்றுள் 317 உடல் இளைக்க விற்கப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றுள் இருந்தது சிபுட்ரமின். இது பசியை அடக்கும் மருந்து. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிக்கிறது எனத் தெரிந்தபின் 2010-இல் மேனாடுகளிலும், 2011-இல் இந்தியாவிலும் விலக்கப்பட்டது. ‘முற்றிலும் மூலிகை’ என்று அச்சிட்ட உறைக்குள் இது இருந்தால் உண்பவர் எங்ஙனம் அறிவார்?

இனி உணவையும் உடற்பயிற்சியையும் கணக்கில் வைத்துப் பார்ப்போம். உடலிலுள்ள ஒரு கிலோ கொழுப்புத் திசு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். நடுத்தர எடையுள்ளவர் அரைமணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. இது மூன்று தேக்கரண்டி எண்ணெய்தான். நடந்து வந்த களைப்புக்கு இரண்டு வடையைத் தின்றால் கணக்கு தீர்ந்தது. எனவே பயிற்சியை மட்டும் நம்பி இளைக்க முற்படுவோர் ஏமாற்றமடைவதில் வியப்பில்லை. இளைப்பது முதன்மையாக உணவைக் குறைப்பதால்தான். அதுவும் ஒரே வேகத்தில் தொடர்ந்து நடப்பதில்லை. உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் சுருங்கும், பசியும் மிகும். பயிற்சியின் பெருமை வேறிடத்தில் உள்ளது. இளைக்கும்போது தசை அழியாமல் அது காக்கிறது. இளைத்த எடை திரும்ப ஏறாதிருக்க உதவுகிறது.

மருத்துவர் சீட்டின்மேல் கொடுக்கப்படும் புதிய மருந்துகளை இச்சரக்குகளோடு சேர்த்து எண்ணலாகாது. ஊசி வழியே செலுத்தப்படும் செமாக்ளுடைடு 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 14.9 விழுக்காட்டைக் குறைத்ததென 2021-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வெற்று ஊசியால் குறைந்தது 2.4 விழுக்காடு. ஆனால் இதுவும் கொழுப்பை எரிப்பதில்லை. பசியைத் தணித்து, வரவைக் குறைக்கிறது. நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் நாள்தோறும் அரைமணி நேரமாவது நடந்தனர். தீட்டிய தானியத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து, நார்ப்பொருளை மிகுத்தனர். மூன்றாண்டுகளில் அறிவுரை எதுவும் பெறாதவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது, இவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. மெட்பார்மின் மாத்திரை உண்ட பிரிவினருக்கும் ஏறத்தாழ இதே அளவு பயன் கிட்டியது. வியப்பான செய்தி யாதெனில், நடந்தும் உணவை மாற்றியும் வந்தவர்களின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை.