சராசரி மட்டும் போதுமா? முத்துச் சிப்பி சொல்லித்தரும் கணக்கு

மஹல்லாவில் கல்வி உதவி நிதி பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, "நம்ம ஊரில் ஒரு குடும்பத்துக்குப் பிள்ளைகள் படிப்புக்கு மாதம் எவ்வளவு செலவாகுது?" என்பதுதான். யாராவது ஒருவர் தமக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளை மனதில் வைத்து ஒரு தொகையைச் சொல்வார். அதை வைத்தே ஆண்டு பட்ஜெட் போட்டுவிடுவோம். பாதி ஆண்டில் பணம் தீர்ந்த பிறகுதான் அந்தத் தொகையின் மீது சந்தேகம் வரும்.

சிலரைக் கேட்டு எல்லோரையும் பற்றிச் சொல்வதில் தவறில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒரு எக்செல் தாள் இருந்தால் போதும், நம் வீட்டுப் பிள்ளைகளே அதைச் செய்துவிடலாம். அதற்கு முன், இதே கேள்வியை நம் கடற்கரை எப்படிச் சந்தித்தது என்று பார்ப்போம்.

ஆயிரம் சிப்பிக்கு எத்தனை ரூபாய்?

தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை என நீளும் இந்தக் கரையில் பரதவர்களும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்தவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் சலாபம் அறிவிக்கும் முன், அரசு அதிகாரிகள் முத்துப் பார்களைச் சோதிப்பார்கள். குளியாளிகள் மூழ்கி மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, முத்துக்களைப் பிரித்தெடுப்பார்கள். பிறகு துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் அளவு வாரியாகச் சலித்து, கைதேர்ந்த வியாபாரிகளைக் கொண்டு மதிப்புப் போடுவார்கள். "ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்" என்று ஒரு கணக்கு வரும். அதை வைத்துத்தான் சலாபம் நடத்தினால் கட்டுப்படியாகுமா என்று முடிவெடுப்பார்கள்.

கடலடியில் கிடக்கும் அத்தனை சிப்பிகளும் முழுத் தொகுதி. எடுத்து வந்தவை மாதிரி. ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்பது சராசரி. ஆனால் பெரும்பாலான சிப்பிகளில் விலைபோகும் முத்தே இருக்காது. மாதிரியில் தற்செயலாக ஒரு பெரிய முத்து சேர்ந்துவிட்டால் கணக்கு ஏறிவிடும், சேராவிட்டால் இறங்கிவிடும். அடுத்த நாள் அதே பாரில் இன்னொரு கூடை எடுத்தால் வேறொரு சராசரி வரும். அப்படியானால் எதை நம்புவது?

விடை இதுதான்: சராசரியை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், அது எவ்வளவு முன்பின் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இதற்கும் இதற்கும் இடையில்" என்று சொல்லும் அந்த எல்லைக்குத்தான் நம்பிக்கை இடைவெளி என்று பெயர்.

மாதிரி சிறியதாக இருக்கும்போது இந்த எல்லையைச் சரியாகப் போடும் வழியை 1908-ல் வில்லியம் காஸெட் என்பவர் கண்டறிந்தார். டப்ளின் நகரத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்த அவர், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். அவர் தந்த 'டி' முறைதான் இன்று நம் கணினிக்குள் இருக்கிறது.

தாளில் செய்வது எப்படி?

ஒரு மஹல்லாவில் 600 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டையும் கேட்க நேரமில்லை. 25 வீடுகளைக் கேட்கப் போகிறோம்.

1. 600 குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் ஒரு பத்தியில் இடுங்கள். பக்கத்துப் பத்தியில் 'ரேண்ட்' என்ற சூத்திரத்தைப் போட்டால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குலுக்கல் எண் வரும். அந்த எண்ணின்படி வரிசைப்படுத்தி முதல் 25 பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த வீடு, பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீடு என்று நாமாகப் பொறுக்கக் கூடாது.

2. அந்த 25 வீடுகளின் மாதக் கல்விச் செலவைப் புதிய தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இடுங்கள்.

3. 'ஆவரேஜ்' சூத்திரம் சராசரியைத் தரும். நம் கற்பனைக் கணக்கில் அது 3,200 ரூபாய்.

4. 'எஸ்டிடெவ் டாட் எஸ்' என்பது திட்ட விலக்கத்தைத் தரும். வீட்டுக்கு வீடு செலவு எவ்வளவு மாறுபடுகிறது என்பதன் அளவு அது. இங்கே 1,500 என்று கொள்வோம்.

5. 'கான்ஃபிடென்ஸ் டாட் டி' சூத்திரத்தில் மூன்று எண்களைத் தர வேண்டும்: 0.05, திட்ட விலக்கம் 1,500, வீடுகளின் எண்ணிக்கை 25. விடை சுமார் 619.

சூத்திரப் பெயர்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். கூகுள் ஷீட்ஸிலும் இவை உண்டு. 'டாட் நார்ம்' என்று முடியும் இன்னொரு சூத்திரமும் இருக்கும். அது 588 என்று குறைத்துக் காட்டும். சிறிய மாதிரிக்கு 'டி'யே சரி.

கையால் சரிபார்க்க விரும்புவோர் 1,500-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் 300. அதை 2.064-ஆல் பெருக்கினால் அதே 619.

இப்போது 3,200-லிருந்து 619-ஐக் கழித்தால் 2,581, கூட்டினால் 3,819. ஊரின் உண்மையான சராசரி இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம்.

ஊர் முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள். வெறும் சராசரியை நம்பினால் மாதம் 19 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இடைவெளியைப் பார்த்தால் ஏறத்தாழ பதினைந்தரை லட்சத்திலிருந்து 23 லட்சம் வரை. இதில் கால் பங்கை நிதியிலிருந்து தருவதாகத் திட்டமிட்டால்கூட, மாதம் சுமார் 93 ஆயிரம் ரூபாய் துண்டு விழ வாய்ப்பிருக்கிறது. யாரோ சில பிள்ளைகளின் கட்டணம் நின்றுபோகும் தொகை அது.

எல்லை அகலமாக இருக்கிறதே என்றால், அதிக வீடுகளைக் கேட்க வேண்டும். 100 வீடுகளைக் கேட்டு விலக்கம் அதே அளவில் இருந்தால், 619 என்பது சுமார் 298 ஆகிவிடும். நான்கு மடங்கு உழைத்தால்தான் எல்லை பாதியாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

95 விழுக்காடு என்றால், 95 விழுக்காடு குடும்பங்கள் இந்த எல்லைக்குள் செலவு செய்கின்றன என்று பொருளல்ல. இதே முறையில் 100 தடவை மாதிரி எடுத்து 100 எல்லைகள் போட்டால், அவற்றில் சுமார் 95 எல்லைகள் உண்மைச் சராசரியைத் தமக்குள் கொண்டிருக்கும் என்பதே பொருள்.

இரண்டாவது, பெரிய முத்து விவகாரம். 25 வீடுகளில் ஒரு வீட்டுப் பிள்ளை மருத்துவக் கல்லூரியில் படித்தால் அந்த ஒரு தொகையே சராசரியை இழுத்துவிடும். அதை அழித்துவிடக் கூடாது. 'மீடியன்' சூத்திரம் போட்டு நடு மதிப்பையும் பாருங்கள். இரண்டும் வெகுவாக விலகினால் அதிக வீடுகளைக் கேளுங்கள்.

மூன்றாவது, இந்தக் கணக்கு இன்றைய நிலையைத்தான் சொல்லும். நாளைக்கு அது பொறுப்பல்ல. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் 1905-இல் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே ஒரு ஆங்கிலேயக் கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்கள் வறண்டன. குத்தகைக் காலத்தில் பாதியைக்கூடத் தாண்டாமல் கம்பெனி கலைந்தது. தூத்துக்குடிக் கரையிலும் 1961-க்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை.

எங்கே இதைப் பயன்படுத்தக் கூடாது?

மதரஸாவில் ஃபராயிள் ஓதிய நாம், வாரிசுப் பங்குகளைப் பின்னம் பிசகாமல் பிரிக்கப் பழகியவர்கள். அங்கே "முன்பின்" என்பதற்கு இடமில்லை. ஜகாத்தும் அப்படித்தான். பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் (9:60) வரையறுத்திருக்கிறது. ஒரு குடும்பம் அதில் அடங்குமா என்பதை அந்தக் குடும்பத்தின் நிலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஊர் சராசரியைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

எவ்வளவு நிதி திரட்ட வேண்டும் என்று திட்டமிடச் சராசரி உதவும். யாருக்குக் கொடுப்பது என்பதற்கு வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்களின் நிலையைச் சொல்ல மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களையும் எடுத்துக்கொண்டது. நம்மைப் பற்றி அரசு பேசுவதே மாதிரிக் கணக்கை வைத்துத்தான். அந்தக் கணக்கைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஜமாஅத் கூட்டத்தில் யாராவது ஒரு சராசரியைச் சொன்னால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை வீட்டைக் கேட்டீர்கள்? எவ்வளவு முன்பின் போகும்?