சாகுல் ஹமீது: ஒரு பெயரின் பொருளும் பயணமும்



நம் லயங்களில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் பெயர் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இராது. பாட்டி ஒரு பெயர் சொல்வாள். மாமன் ஒரு பெயர் சொல்வார். பக்கத்து வீட்டு அக்காளும் தன் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போவாள். கடைசியில் ஏதோ ஒரு பெயர் நிலைத்துவிடும். "இந்தப் பெயருக்கு என்னம்மா பொருள்?" என்று கேட்டால் மட்டும், "எங்க தாத்தா பேரு சார், அதான் வெச்சோம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

நாம் அடிக்கடி கேட்டும் ஆராய்ந்து பார்க்காத ஒரு பெயரை இன்று எடுத்துக்கொள்வோம். அது சாகுல் ஹமீது. ரிங்லட் கடைத்தெருவிலும் தானா ராத்தாவிலும், தாப்பாவுக்கு இறங்கினால் அங்கும், இந்தப் பெயர் நம் காதில் விழும். ஆனால் அரபு நாடுகளுக்குப் போய்த் தேடினால் இந்த முழுப் பெயரைக் கொண்டவரைக் காண்பது அரிது. இது என்ன புதுமை என்கிறீர்களா? வாருங்கள், பார்ப்போம்.

முதலில் பொருள். இந்தப் பெயரில் இரண்டு மொழிகள் கைகோத்து நிற்கின்றன. 'ஷாஹ்' என்பது பாரசீகச் சொல். அரசன் என்று பொருள். 'ஹமீத்' என்பது அரபுச் சொல். புகழுக்குரியவன் என்று பொருள். இடையில் வரும் 'உல்' இரண்டையும் இணைக்கும் ஒட்டு. மூன்றையும் சேர்த்துப் 'புகழுக்குரிய அரசன்' என்று நம்மவர்கள் பொருள் கொள்கிறார்கள். தமிழிலேயே இதற்கு ஈடாகப் பெயர் வேண்டுமென்றால் புகழரசன் என்று சொல்லலாம். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு புகழரசியும் ஒரு சாகுல் ஹமீதும் அடுத்தடுத்து இருந்த ஆண்டு உண்டு. பொருளில் தாங்கள் அண்ணன் தங்கை என்று சொன்னதும் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்றெழுத்து வேரிலிருந்து முளைப்பவை. ஹ, ம, த என்னும் மூன்று ஒலிகள் கொண்ட வேருக்குப் 'புகழ்' என்று பொருள். முகம்மது, அகமது, மகமூது, ஹமீதா எல்லாம் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதான். இஸ்லாமியர் இறைவனுக்குரியவையாகப் போற்றும் 99 திருப்பெயர்களில் 'அல்-ஹமீத்' என்பதும் ஒன்று.

நம் பகாங் மாநிலத்திலேயே இதற்கு உறவான பெயர் உண்டு. 1974 முதல் 2019 வரை அரியணையில் இருந்தவர் சுல்தான் அகமட் ஷா. தானா ராத்தாவிலுள்ள இடைநிலைப்பள்ளிக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். அகமட் என்பது ஹமீதுக்கு உடன்பிறப்பு. ஷா என்பது நம் சாகுலில் இருக்கும் அதே அரசன். இரண்டு சொற்களும் முன்பின்னாக இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இரு மொழிச் சொற்கள் கூடிய இந்தப் பெயர் தமிழரிடையே இவ்வளவு பரவியதற்குக் காரணம் நாகூர். 16ஆம் நூற்றாண்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணிக்கப்பூரில் பிறந்து, பல ஊர்கள் சுற்றி, சோழ நாட்டுக் கடற்கரையான நாகூரில் வந்து தங்கியவர் சையது அப்துல் காதிர் சாகுல் ஹமீது என்னும் பெரியவர். நாகூர் ஆண்டவர் என்று மக்கள் அழைப்பது அவரைத்தான். தஞ்சை நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்தார் என்றும், நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் கரையில் இருந்தபடியே ஒரு கண்ணாடியை வீசிக் காப்பாற்றினார் என்றும் கதைகள் வழங்குகின்றன. கதை எப்படியோ இருக்கட்டும். கடலோடிகள் அவரைத் தங்கள் காவலராகவே நினைத்தார்கள். அவர் அடங்கியிருக்கும் தர்காவில் ஐந்து மினாராக்கள் உண்டு. அவற்றுள் மிக உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப்சிங். அவர் இந்து என்பதைக் கவனியுங்கள். இன்றும் 14 நாள் கந்தூரி விழாவில் இரு சமயத்தாரும் கூடுகிறார்கள். வேண்டுதல் நிறைவேறினால் பிள்ளைக்கு அவர் பெயரையே வைப்பார்கள். சாகுல் ஹமீது, மீரான், நாகூர் மீரா, நாகூர் பிச்சை என்று பெயர்கள் பெருகியது இந்த வழியில்தான்.

நாகூருக்கு மிக அருகில் இருப்பது நாகப்பட்டினம் துறைமுகம். நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய துறை அதுதான். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இந்தக் கடலைக் கடந்து வந்து, நாகூராரின் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்காக்கள் எழுப்பினார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. 1974இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். நம் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். ஆகவே கேமரன் மலையில் தேயிலை வேர்விடுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பெயர் மலாயா மண்ணில் கால் ஊன்றிவிட்டது.

இனி, தமிழ் நாக்கு இந்தப் பெயரை என்ன செய்தது என்று பாருங்கள். தமிழ் மரபில் ஒரு சொல் 'த்' என்னும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் ஹமீத் என்பது ஓர் உகரம் பெற்று ஹமீது ஆயிற்று. ஷ தமிழெழுத்தன்று, அது ச ஆயிற்று. இடையில் வந்த ஹ, க ஆயிற்று. இப்படித்தான் ஷாஹுல் ஹமீத், சாகுல் ஹமீது ஆனார். இதைவிடப் பெரிய மாற்றமும் நடந்திருக்கிறது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோமே, அந்த வள்ளல் 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகர். அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். அதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், சீதக்காதி வந்து நிற்பார்!

பேச்சில் பெயர் உருமாறுவது இயல்பு. அதில் குற்றம் காண வேண்டியதில்லை. தொல்லை வருவது காகிதத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையனை லயத்தில் எல்லோரும் 'சாவுலு' என்பார்கள். பிறப்புப் பத்திரத்தில் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி எஸ், ஏ, யூ, எல் என்று நான்கே எழுத்தில் எழுதி வைத்திருந்தார். படித்தால் விவிலியத்தில் வரும் சவுல் மன்னரின் பெயராகிவிடுகிறது! பள்ளிப் பதிவேட்டில் வேறு எழுத்து. தாத்தாவின் பெயரும் அதேதான். அவருடைய அடையாளக் கார்டில் ஒரு விதம், சேமநிதிக் கணக்கில் இன்னொரு விதம். பெரியவர் காலமான பின், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்க, அந்தக் குடும்பம் எத்தனை முறை மலை இறங்கி ஏறியது தெரியுமா? அன்றாடச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. அரபு மொழியில் 'ஹாமித்' என்றால் புகழ்பவன். 'ஹமீத்' என்றால் புகழுக்குரியவன். நெடில் இடம் மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. ரோமன் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. தமிழில் எழுதினால் குறிலும் நெடிலும் தெளிவாக நிற்கின்றன. நம் எழுத்தின் அருமை இங்கே விளங்குகிறதல்லவா? அதேபோல் 'அப்துல்' என்று மட்டும் அழைப்பதும் அரைகுறையே. 'அடியான்' என்ற சொல்லோடு அந்த ஒட்டும் சேர்ந்து பாதியில் நிற்கும் பெயர் அது. 'சாகுல்' என்று நிறுத்துவதும் அப்படித்தான். செல்லமாகக் கூப்பிடலாம், பத்திரத்தில் பாதியோடு விடக்கூடாது.

இன்று நம் மலையில் கொழுந்தெடுப்பவர்களில் வங்காளதேசத்தாரும் இருக்கிறார்கள். அவர்களிலும் ஹமீதுகள் உண்டு. 2013 முதல் 2023 வரை அந்நாட்டு அதிபராக இருந்தவரின் பெயர் அப்துல் ஹமீது. வங்காளிகள் நாவில் அது 'ஹாமித்' என்றே ஒலிக்கும். ஆனாலும் அப்துலோடு சேர்ந்து வரும்போது புகழுக்குரிய இறைவனின் அடியான் என்பதே பொருள். அடுத்த லயத்தில் ஒரு ஹமீது இருந்தால் அவரிடம் பேசிப் பாருங்கள். மொழி வேறாக இருந்தாலும் பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பழக்கம் ஏற்பட்டுவிடும்.

ஆகவே வாசகர்களே, எந்தச் சமயத்தவரானாலும் இதைச் செய்யுங்கள். பிள்ளையின் முழுப் பெயரைத் தமிழிலும் ரோமனிலும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு பதிவுக்குச் செல்லுங்கள். எழுதிக் கொடுத்த பத்திரத்தை அங்கேயே, நகருவதற்கு முன், எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். தாத்தா பெயரை வைப்பதென்றால் அவருடைய பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் அந்தப் பெயரின் பொருளையும் அது வந்த வழியையும் சொல்லிக் கொடுங்கள். பள்ளியில் ஆசிரியர் கேட்டால் "எங்க தாத்தா பேரு" என்பதோடு நில்லாமல் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல அவனுக்குத் தெரியட்டும்.