15 நிமிடம் போதும்... நீங்களும் பறவை விஞ்ஞானிதான், தெரியுமா?

அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை, ஆவடி என்றால் டாங்கி, பூந்தமல்லி என்றால் லாரி நெரிசல். இவ்வளவுதான் என்று நினைத்துவிட்டீர்களா? இதே ஊர்களுக்கு வருஷா வருஷம் சைபீரியாவிலிருந்து விருந்தாளிகள் இறங்குகிறார்கள், தெரியுமா? அவர்களை எண்ணிக் கணக்கெழுத, விடிவதற்குள் பைனாகுலரும் கையுமாக ஏரிக்கரை ஏறிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், தெரியுமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஏரிக்குள் ஏரி வழியும்!

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் எங்கே போகும்? கொரட்டூர் ஏரிக்கு! அங்கிருந்து? மாதவரம் பக்கத்து ரெட்டேரிக்கு! மழைநீரைக் கைமாற்றிக் கைமாற்றித் தேக்கிய இந்த ஏரிச் சங்கிலிதான் இன்றைக்குப் பறவைகளின் சாப்பாட்டு மேசை. பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். அதன் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 364.5 கோடி கன அடி! சென்னைக்குக் குடிநீர், கூழைக்கடாவுக்கு மீன்!

ஆவடிக்காரர்களுக்கு ஒரு கேள்வி

பருத்திப்பட்டு ஏரிக்குப் போயிருக்கிறீர்களா? சுமார் 87 ஏக்கர்! சீரமைத்து, நடைபாதை போட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களே, தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். கூழைக்கடா நீந்தினால் விடாதீர்கள், அது சிறகு விரிக்கும் வரை நில்லுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2 மீட்டருக்கும் மேல்! உங்கள் வீட்டுக் கதவின் உயரம் அவ்வளவு இருக்குமா?

வெறும் 12 கிராம்!

குளிர்காலத்தில் உங்கள் வீட்டு வேலியில் 'டக்... டக்...' என்று நாக்கைச் சொடுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்கிறதா? அது பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம்! பின்லாந்து முதல் சைபீரியா வரை குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கம் வந்துவிடும். எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 12 கிராம்! இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை! இத்துணூண்டு உடம்பு, அத்தனை ஆயிரம் கிலோமீட்டர்!

தரை தொடாமல் 11 நாள்!

உலக சாதனை கேட்கிறீர்களா? பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று 2022-ல் அலாஸ்காவில் கிளம்பியது. டாஸ்மேனியாவில்தான் இறங்கியது. தூரம் 13,560 கிலோமீட்டர்! நடுவில் ஒரு வாய் இரை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை! முதுகில் கட்டிய கருவி சொன்ன கணக்கு இது. இந்த மூக்கனின் தூரத்து உறவுதான் நம் ஏரிச் சேற்றில் வாலாட்டி நடக்கும் பொறி உள்ளான். அதுவும் வடகோடிச் சதுப்பில் பிறந்த பறவைதான்!

பொங்கலுக்குக் கரும்பு மட்டுமா?

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணுகிறார்கள், தெரியுமா? பெயரே 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு'! 2015-ல் தொடங்கியது, நான்கு நாள் நடக்கும். விதி ஒன்றுதான்: ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, எல்லாம் எத்தனை எத்தனை என்று குறித்து இ-பேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். கட்டணம்? ஒரு பைசா கிடையாது! மொட்டை மாடியில் நின்றுகூடச் செய்யலாம். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் காலடியில் பூச்சி பிடிக்கும் உண்ணிக்கொக்கும் கணக்கில் உண்டு!

ஆயிரம் வாத்தை எப்படி எண்ணுவது?

தண்ணீர் மேல் கருப்பாக ஒரு கூட்டம். கிட்டப் போனால் பறந்துவிடும். என்ன செய்வார்கள் தெரியுமா? முதலில் ஒரு ஓரத்தில் சரியாகப் பத்தை எண்ணுவார்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை வைத்துக் கூட்டம் முழுவதையும் பத்து பத்தாக நகர்த்தி அளப்பார்கள். பெரிய கூட்டமென்றால் ஐம்பது, நூறு! பழகிய கண்ணுக்குச் சில நிமிடம் போதும்!

27 பேர் ஆரம்பித்த கதை

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைச் சுட்டுத் தள்ளும் போட்டி நடக்கும். 'சுடாதீர்கள், எண்ணுங்கள்!' என்றார் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன். 1900-ம் ஆண்டு டிசம்பர் 25, வந்தவர்கள் 27 பேர், எண்ணிய இடங்கள் 25. அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது, நூற்றிருபது வருஷத்துக்கும் மேலாக!

நூறு கோடி!

2002-ல் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய இ-பேர்டில் 2021-க்குள் சேர்ந்த பதிவுகள் எத்தனை? 100 கோடி! எல்லாம் உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள் எழுதியது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் ஓர் அறிக்கை வந்தது. 30,000-க்கும் அதிகமான பறவை நோக்குநர்கள் தந்த 3 கோடிப் பதிவுகள், 942 இனங்கள்! இதே வரிசையில் 2020-ல் வந்த அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைகிறது என்று சொன்னது. எத்தனை பேர் எத்தனை காலை எண்ணியதால் கிடைத்த பதில் இது!

ஓட்டை உடைக்காத நத்தைகுத்தி

நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும், பார்த்திருக்கிறீர்களா? ஆனால் குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்தே கிடையாது! வளர வளரத்தான் விழும். நத்தையைப் பிடித்ததும் பாக்கு வெட்டுவதுபோல நொறுக்கிவிடும் என்றா நினைத்தீர்கள்? இல்லை! கீழ் அலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் நுழைத்து, தசையை அறுத்து, சதையை மட்டும் உருவும். பல நேரம் தலை தண்ணீருக்குள் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். ஓடு பெரும்பாலும் முழுசாகக் கிடக்கும்!

இங்கே அப்பாதான் எல்லாம்!

நீளவால் இலைக்கோழி தெரியுமா? மிதக்கும் இலைகள் மேலேயே நடக்கும், அவ்வளவு நீள விரல்கள்! பெண் நான்கு முட்டை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண்! முக்குளிப்பானோ கூட்டை விட்டு இறங்குமுன் ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிடும். காகம் பார்த்தால் குப்பை! தூக்கணாங்குருவி ஆண் ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை நார் சுமக்கும். பெண்ணுக்குப் பிடிக்கவில்லையென்றால் அத்தனையும் வீண்! சரி, 'கூ... கூ...' என்று பாடும் குயில் ஆணா, பெண்ணா? ஆண்தான்!

46 வருஷப் பத்தி!

மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் எப்போது பிறந்தது தெரியுமா? 1978-ல்! அதற்கும் முன்பே சென்னையில் தனி ஒருவராகப் பறவை பார்த்து எழுதியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி 46 வருஷம் வந்தது. கடைசிப் பத்தி எப்போது வெளியானது தெரியுமா? 1996 பிப்ரவரி 18, அவர் மறைந்த அதே நாள்!

வருஷம் முழுக்கத் திருவிழா

ஜனவரி: பொங்கல் கணக்கெடுப்பு. கூடவே 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு! பிப்ரவரி 2: உலக ஈரநிலங்கள் நாள். அதே மாதம், 1998-ல் அமெரிக்காவில் தொடங்கி 2013-ல் உலகம் முழுக்கப் பரவிய கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு! மே, அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமைகள்: உலக வலசைப் பறவைகள் நாள். நவம்பர் 12: பறவையியலாளர் சாலிம் அலி பிறந்தநாள்! எந்த மாதம் சும்மா இருக்கிறது, சொல்லுங்கள்?

ஏரி இருந்தால்தானே பறவை?

கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க ஊர்மக்களே திரண்டார்கள், தெரியுமா? கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது! இதெல்லாம் நம் மண்ணுக்குப் பழக்கம்தான். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆட்சியர் லயனல் பிளேசிடம் உத்தரவு வாங்கியது எந்த வருஷம் தெரியுமா? 1798!

உங்கள் முறை!

செலவு இல்லை, பட்டம் வேண்டாம். காலை ஆறரைக்கு ஏரிக்கரைக்குப் போங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், சத்தம் வேண்டாம், கூட்டருகே போய்ப் படமெடுக்கவே வேண்டாம். என்ன குரல் என்று தெரியவில்லையா? மெர்லின் செயலி கேட்டுச் சொல்லும், இலவசமாக! 15 நிமிடம் எண்ணிப் பதிவு செய்யுங்கள். பத்து மைனா, மூன்று காகம், ஒரு மீன்கொத்தி என்று எழுதினாலும் போதும். அம்பத்தூர் ஏரியில் இந்த வருஷம் என்ன இருந்தது என்பதற்கு நாளைக்கு விஞ்ஞானிகள் தேடப்போகும் சாட்சி, நீங்கள் எழுதிய அந்த வரிதான், தெரியுமா?