கோண்டோலா அடுக்கு

கோண்டோலா அடுக்கு என்பது சுயசேவைக் கடைகளில் பொருட்களைக் காட்சிக்கு வைக்கப் பயன்படும், கழற்றி மாட்டத்தக்க தட்டு அமைப்பு ஆகும். 1916இல் அமெரிக்காவின் மெம்பிசு நகரில் கிளாரன்சு சாண்டர்சு தொடங்கிய பிக்லி விக்லி கடையில் வாடிக்கையாளர்கள் தாங்களே பொருட்களை எடுத்துக்கொண்டனர். இம்முறை பரவியபோது, விற்பனையாளரின் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரி வாங்குபவரின் கைக்கு எட்டும் இடத்துக்கு வர வேண்டியதாயிற்று.

இதன் எஃகுத் தூண்களில் மேலிருந்து கீழ்வரை சம இடைவெளியில் துளைகள் உண்டு. தட்டைத் தாங்கும் கைகளை எந்தத் துளையிலும் மாட்டலாம். சோப்புக்கட்டிகளுக்கு மேல் ஓரடி வெற்றிடம் இருந்தால் அது வீண். தட்டுகளை நெருக்கினால் அதே உயரத்தில் இன்னொரு தட்டு கிடைக்கும். அடுத்தடுத்த இரு பகுதிகளுக்கு ஒரே தூண் பொதுவாக இருப்பதால் வரிசையை நீட்டுவதும் எளிது. ஆனால் நடைபாதையைக் குறுக்கி வரிசைகளைக் கூட்டினால் சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழைய முடியாது.

உயரத்தைக் கூட்டுவோர் பெரும்பாலும் மறப்பது எடையை. எண்ணெய், அரிசி போன்ற கனமான சரக்கு அடித்தட்டில்தான் இருக்க வேண்டும். அது மேலே ஏறினால் அடுக்கு கவிழக்கூடும். பக்கத்து வரிசையையும் சாய்க்கக்கூடும். ஒருபக்க அடுக்கைச் சுவரோடு பிணைக்க வேண்டும். இருபக்க அடுக்கில் இரு புறமும் ஏறக்குறைய சம எடை இருப்பது நல்லது; காலி செய்யும்போது மேல்தட்டிலிருந்து தொடங்க வேண்டும்.