மஞ்சளாகக் கேட்ட கச்சேரி

படத்தின் பெரும்பகுதியை மஞ்சள் விழுங்கியிருக்கிறது. அதன் மேலே கன்னங்கரேலென்று ஒரு பெரிய திட்டு. முதலில் ஒன்றும் பிடிபடாது. கிராண்ட் பியானோ அது என்று தெரிந்ததும் மற்றவை தாமாகப் புலப்படத் தொடங்கும். இடப்பக்கம் வளைந்து நெளியும் கோடுகள், நடுநடுவே வண்ணத் தீற்றல்கள்: பியானோவை நோக்கிச் சாய்ந்து கேட்கும் ரசிகர்கள். செங்குத்தான இரண்டு வெள்ளைப் பட்டைகள் அரங்கின் தூண்கள்.

வசீலி காண்டின்ஸ்கி 1911-ல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் இது. பெயர் 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)'. சுமார் ஒரு மீட்டர் அகலம்தான்.

அந்த ஆண்டு பிறந்த கையோடு மியூனிக்கில் இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சி நடந்தது. தந்தி வாத்தியக் குழுவுக்கான படைப்புகள், பாடல்கள், மூன்று பியானோ உருப்படிகள். பாடகர் எங்கே சுற்றினாலும் ஸட்ஜத்துக்குத் திரும்பிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் நாம் கச்சேரியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம். ஐரோப்பிய இசையிலும் அப்படி ஒரு தாய்வீடு உண்டு. ஷோன்பெர்க் அந்த வீட்டை விட்டே கிளம்பியிருந்தார். ஓவியத்துக்குத் தாய்வீடு, கண்ணுக்குத் தெரிந்த உருவம். அதை விட்டுக் கிளம்பும் வாசற்படியில் நின்றிருந்தார் காண்டின்ஸ்கி. கச்சேரி முடிந்ததும் கரிக்கோலால் வரைந்த படங்களில் பியானோவும் ஆட்களும் அடையாளம் தெரிகிறார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு வரும்போது எல்லாம் கரைந்துவிட்டது.

இந்த மஞ்சளைப் பியானோவின் ஓசை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த தம் நூலில் காண்டின்ஸ்கி நிறங்களுக்கு வாத்தியம் சொல்கிறார். வெளிர் நீலம் புல்லாங்குழல். அடர் நீலம் செல்லோ. மஞ்சள், காதைத் துளைக்கும் டிரம்பெட். நமக்கு மங்கலமான நிறம் அவருக்கு எக்காளமாக ஒலித்திருக்கிறது. ஆனால் அன்றைய மேடையில் டிரம்பெட்டே இல்லை! ஆக, அவர் எந்த வாத்தியத்தையும் வரையவில்லை. அந்த இசை தம்மீது வந்து மோதிய வேகத்தை வரைந்தார். அதனால்தான் மஞ்சள் மேடையோடு நிற்காமல் ரசிகர்கள் பக்கம் பாய்கிறது.

கறுப்பை இன்னும் வியக்கிறேன். ஓசையே அற்ற நிறம், இசை முடிந்தபின் வரும் மௌனம் போன்றது என்று அதே நூலில் எழுதியவர், ஒலி பிறக்கும் பியானோவுக்கு அந்த நிறத்தைக் கொடுத்திருக்கிறார். மரப்பெட்டி ஊமையாக நிற்கிறது. ஓசை அதைவிட்டு வெளியேறி அரங்கம் முழுக்க மஞ்சளாகப் பரவிக்கிடக்கிறது.

கச்சேரிக்குப் பின், 1911 ஜனவரி 18-ம் தேதி, முன்பின் அறிமுகமில்லாத ஷோன்பெர்க்குக்குக் காண்டின்ஸ்கி கடிதம் எழுதினார். தாம் ஓவியத்தில் தேடுவதை அவர் இசையில் கண்டுவிட்டதாகச் சொன்னார். ஷோன்பெர்க்கும் படம் வரைபவர்தான், நட்பு பற்றிக்கொண்டது.

1914-ல் போர் மூண்டதும், ரஷ்யரான காண்டின்ஸ்கி ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர் விட்டுச்சென்ற ஓவியங்களை, அன்றைய அவருடைய துணைவியும் ஓவியருமான கேப்ரியலே முன்டர் காப்பாற்றினார். இத்தகைய கலையைச் சீரழிவு என்று நாஜிகள் வேட்டையாடிய காலத்தில், முர்னாவ் ஊரிலுள்ள தம் வீட்டின் நிலவறையில் ஒளித்துவைத்தார். 1957-ல், தம் 80-வது வயதில், அவற்றை மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். இந்தப் படமும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கச்சேரிக்குக் காண்டின்ஸ்கியோடு முன்டரும் போயிருந்தார். இடப்பக்கம் சாய்ந்திருக்கும் கோடுகளில் ஒன்று அவராக இருக்கலாம்.